பக்கத்து இடத்தைப் பார்த்துவிட்டு

இன்று காலை எங்கள் கிணற்றடியிலிருந்து நான் ஓடினேன். விலகி நடக்கவில்லை, ஓடினேன். வாளியோடு நின்ற, என் கூடப்பிறந்த ராத்தாவின் மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வாசல் வரை வந்துதான் நின்றேன்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளம் வடிந்த பிறகு கனமூலையில் வீடு வீடாகக் கிணறுகளுக்குக் குளோரின் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வந்தவர் வெள்ளைத் தூளை வாளியில் கரைத்துக் கிணற்றுக்குள் ஊற்றினார். மணம் எழும்பி என் மூக்கைத் தொட்டது. நான் யோசிக்கவே இல்லை, கால்கள்தான் முடிவெடுத்தன. “என்ன தங்கச்சி, பாம்பு கீம்பா?” என்று அந்த மனிதர் கிணற்றை எட்டிப் பார்த்தார். ராத்தா குசினி வாசலில் நின்று சிரித்தாள். “குளோரின் மணத்துக்குப் போய் ஆராச்சும் ஓடுவாங்களா? நீ படிச்ச படிப்பு நல்லாத்தான் இரிக்கு” என்றாள்.

அவளுக்கு எப்படி விளக்குவது? உனக்கு மட்டும்தான் விளங்கும். அது எனக்குக் குளோரின் இல்லை. அது ஒஸ்மியம், நம் ஆய்வுகூடத்து நச்சு ஆவி. அந்த மணம் மூக்குக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே பிந்திவிட்டது என்று நம் இருவருக்கும் சொல்லித்தந்திருந்தார்கள். ஓடச் சொல்லித்தந்திருந்தார்கள். கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது நீ பக்கத்தில் இருந்தால் என்னை என்ன பாடு படுத்தியிருப்பாய் என்று நினைத்தேன். பிறகு நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு இன்னும் சில நேரம் அது பிந்தித்தான் நினைவுக்கு வருகிறது.

கொழும்புக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆய்வுகூடத்தில் நம்மைப் ‘புத்தளத்துப் பிள்ளைகள்’ என்று ஒரே கட்டாகச் சொல்வார்கள். நமக்குள் அப்படி இருக்கவில்லை. நான் கனமூலைக்காரி, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் குடும்பம். உன் உம்மா, தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். உப்பளத்துக்குக் கிட்ட ஒரு கிடுகுக் குடிசையில் நீ பிறந்தாய். யுத்தம் முடிந்து வருடங்கள் போன பிறகும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் உங்களை ‘அகதி ஆக்கள்’ என்றுதான் சொன்னார்கள். முதன்முதல் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் அகப்பட்டபோது, சிலாபம் தாண்டும்வரை நான் வாய் திறக்கவில்லை. நீதான் கேட்டாய்.

“நீங்க ஊர் ஆக்களா?”

“ஓம்.”

“நாங்க வந்த ஆக்கள். நான் பொறந்ததுல இரிந்து வந்துக்கிட்டேதான் இரிக்கோம், இன்னும் வந்து சேரல்ல.”

சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் நான் கடலை வாங்கிக் கொடுத்தேன். மதுரங்குளியில் நான் இறங்குமுன் நீ என்னை ‘புள்ள’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாய்.

நீ செய்வாய், நான் பார்ப்பேன். அதுதான் நம் வேலைப் பங்கீடு. நீ செய்த பல்பகுதியங்களின், அந்தப் பொலிமர்களின், மூலக்கூறுகள் ஒற்றை இழையாக இருக்கவில்லை. நடுவில் ஒரு முடிச்சு, அதிலிருந்து கிளைவிட்ட நாலு கை. இரண்டு கை ஒரு சாதி, மற்ற இரண்டு இன்னொரு சாதி. இரண்டுக்கும் ஒத்துவராது. பேராசிரியர் இதைப் பலகையில் பெரிய சமன்பாடாக எழுதி விளக்குவார். நீ என் காதுக்குள் வேறு விதமாக விளக்கினாய்.

“எங்கட ஆக்களும் ஒங்கட ஆக்களும் மாதிரித்தான் புள்ள. ஒண்டுக்கொண்டு புடிக்காது. ஆனா நடுவுல கட்டிப் போட்டிரிக்கு, விட்டுட்டு ஓடவும் ஏலாது. அப்ப என்ன செய்யும்? தானா ஒரு ஒழுங்குக்கு வந்துதானே ஆகணும்.”

அந்த ஒழுங்கைப் பார்ப்பதுதான் என் வேலை. அது அத்தனை சிறியது என்பதால் ஒளியால் பார்க்க முடியாது, இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். அதற்கும் இரண்டு சாதியும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஒன்றை மட்டும் கறுக்க வைக்கத்தான் ஒஸ்மிய ஆவி. அது ஒரு சாதிக் கையை மட்டும் தேடிப் பிடித்துக் கறையாக்கிவிடும். பல்பகுதியத்துக்குச் செய்வதையே கண்ணுக்கும் செய்யும், பார்வையைக் கறுப்பாக்கிவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். இரட்டைக் கையுறை, கண்ணாடி, புகை உறிஞ்சும் பெட்டி எல்லாம் இருந்தும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை உடைக்கும்போது என் பற்கள் அடித்துக்கொள்ளும். ஒரு நாள் பெட்டியின் உறிஞ்சி நின்றுபோனது. அந்த மணம் வந்தது. என்னைத் தோளில் பிடித்து வெளியே தள்ளியது நீ. வாசலுக்கு வந்த பிறகு கண்ணைக் கழுவிக் கழுவி, “என்ட கண் எப்படி இரிக்கு, பாரேன்” என்று நான் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“கண் ரெண்டும் இருந்த இடத்துலதான் இரிக்கு. மூளையத்தான் தேடணும்” என்றாய். உன் குரலும் நடுங்கியது.

ஆனால் ஒஸ்மியத்தைவிட எனக்குப் பெரிய பயம் வேறொன்று. நாம் முதன்முதலாக ஒரு நல்ல அடுக்கைக் கண்ட நாள் உனக்கு நினைவிருக்கும். திரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், கீற்றுக் கீற்றாக, எவரும் வரையாமல் தாமாக அடுக்காகி நின்றன. நான் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படமெடுக்கும் எண்ணமே வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் நெளிந்தன, மங்கின, ஒன்றோடொன்று கலந்து வெறும் சாம்பலாகின. நமக்கு எதையும் காட்டும் அதே இலத்திரன் கற்றைதான் அதைச் சுட்டு அழிக்கவும் செய்கிறது. கறை ஏற்றினாலும் உன்னுடையது அவ்வளவு மெல்லிய சீவல், தாங்காது.

“பாத்துப் பாத்தே கொன்னுட்டியே” என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். நான் கற்றையை மூடினேன்.

அதற்குப் பிறகு முறைப்படி செய்யப் பழகினேன். எடுக்க வேண்டிய இடத்தைப் பார்க்கக் கூடாது. பக்கத்து இடம் ஒன்றுக்குப் போய், அதைப் பலிகொடுத்து, குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு கற்றையை மூடி, இருட்டில் உண்மையான இடத்துக்கு நகர்ந்து, ஒரே ஒரு முறை திறந்து மூட வேண்டும். என்ன எடுத்தோம் என்பது எடுத்த பிறகுதான் தெரியும். அந்தப் பொத்தானை அமத்துவதற்கு முன் என் விரல் விறைத்துப்போகும். எனக்குக் கண்ணால் கண்டதிலேயே நம்பிக்கை குறைவு, காணாததை எப்படி எடுப்பேன்? நீ பின்னால் நின்று, “பிஸ்மில்லாஹ் சொல்லி அமத்து புள்ள, காலங்கடத்தாத” என்பாய். நான் அமத்துவேன்.

மன்னார்ப் பாதை திறந்த பிறகு ஒரு விடுமுறையில் உன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு பழைய காணியைப் பார்க்கப் போனாய். திங்கட்கிழமை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எனக்குச் சொன்னாய். வாடகை வானிலிருந்து இறங்கிய உம்மா உங்கள் காணிப் பக்கம் திரும்பவே இல்லையாம். பக்கத்து வளவைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். “உம்மா, எங்கட இது” என்று நீ கையைப் பிடித்து இழுத்திருக்கிறாய். “பொறு, கண் பழகட்டும்” என்றாராம். அடுத்த வீட்டு இடிந்த சுவர், அதில் முளைத்திருந்த செடி, எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்து முடித்த பிறகு, திரும்பி, உங்கள் காணியை ஒரே ஒரு தடவை பார்த்தாராம். பற்றை மண்டிக் கிடந்தது, கிணற்றுக்கட்டு மட்டும் மிச்சம் இருந்தது. “போதும், வாங்க” என்று வானில் ஏறிவிட்டாராம்.

“எங்கட உம்மாவும் ஒன்ட முறையிலதான் பாக்கிற” என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடியுமுன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குள் போய்விட்டாய்.

அந்த வருடம்தான் உன் கடைசிப் பல்பகுதியத்தைச் செய்தாய். எக்ஸ் கதிரில் வந்த குறிகளைப் பார்த்தவர்கள், சும்மா உருளைகள்தான் அடுக்காகியிருக்கின்றன என்றார்கள். நீ ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வலைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எங்கேயும் முட்டாமல் போகின்றன என்றாய். சரியான கோணத்தில் சீவினால் வண்டிச் சில்லு மாதிரித் தெரியும், ஆறு ஆரக்கால் இருக்கும் என்றாய். “சில்லு வந்தா நான் சொன்னது சரி. வராட்டி அவங்கட சரி. படம் மட்டும்தான் கதைக்கணும்.” பொருளைக் கரைத்து, சாடியில் ஊற்றி, மூடியைக் கொஞ்சம் மட்டும் நீக்கி வைத்தாய். கரைப்பான் வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் போக வேண்டும், அப்போதுதான் நல்ல அடுக்காக வரும். நான் தினமும் போய் எட்டிப் பார்த்தேன். “உப்பளத்துல வளந்தவ நான். அவசரப்படுத்தினா மாவாப் போகும், விட்டா கல்லா வரும். நீ போய் ஒன்ட வேலயப் பாரு” என்று துரத்தினாய்.

சாடி காய்ந்து முடியுமுன் உனக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டுக்குப் போன வாரக்கடைசியில்தான் வந்தது. டெங்கு என்றார்கள். அந்த மழைக்காலத்தில் யாருக்குத்தான் டெங்கு இல்லை, வந்துவிடுவாய் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை என்பதால் யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் கதைத்தாய். குரல் தூரத்திலிருந்து வந்தது.

“சாடிய ஆட்டாத. மூடியத் தொறந்து பாக்காத. கேட்டியா?”

“கேட்டன். நீ எப்ப வாற?”

“நான் வந்துதான் அதத் தொறக்கணும்.”

அதுதான் கடைசி. பிறகு உன் கூடப்பிறந்த நானாதான் தொலைபேசி எடுத்தார். நான் பஸ்ஸில் புத்தளம் வந்தேன். உங்கள் வீட்டு முன்னறைக்குள் போனேன். அந்த அறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இப்போது முடியவில்லை.

பல நாள் எனக்கு ஒரே யோசனை. அந்த ஒஸ்மியம்தானா? உறிஞ்சி நின்ற அன்று என்னை முதலில் தள்ளிவிட்டு நீ பின்னால் வந்தாயே, அதனாலா? ஒரு வைத்தியரைக் கேட்டேன். சம்பந்தமே இல்லை என்றார். இன்னொருவரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். மூன்றாமவரைத் தேடிக்கொண்டிருந்தபோது ராத்தா என் காதைப் பிடித்து நிறுத்தினாள்.

சாடி காய்ந்திருந்தது. அடியில் நகத்தளவு தெளிந்த ஏடு. பேராசிரியர் நல்ல மனிதர், என்னை அவசரப்படுத்தவில்லை. ஒரு தெளிவான படம் கிடைத்தால் உன் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை அனுப்பலாம், கிடைக்காவிட்டால் வெறும் எக்ஸ் கதிரை வைத்துக்கொண்டு உன் பக்கம் வாதாட முடியாது என்றார். நீ செய்த விதத்தில் மறுபடி செய்ய இரண்டு பேர் முயன்றார்கள். வரவில்லை. ஏட்டை வைரக் கத்தியால் சீவினோம். பாதிக்கு மேல் கிழிந்தது, சுருண்டது. மிஞ்சிய சீவல்களை ஏந்திய செப்பு வலை ஒன்று. அதிலும் சுருக்கமில்லாத நல்ல ஜன்னல், அதாவது வலைக் கண், ஒன்றுதான், அதற்குப் பக்கத்தில் பலிகொடுக்க ஒரு சுமாரான ஜன்னல். அவ்வளவுதான் உன்னிடமிருந்து மீதி.

அதைச் சின்னப் பெட்டியில் வைத்து மாதக்கணக்காகத் தொடாமல் இருந்தேன். இயந்திரத்தில் எனக்கு முறை வரும், வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன். பயம்தான், வேறொன்றுமில்லை. குவியம் பிசகினால் என்ன செய்வது? கை நடுங்கி இடம் தப்பினால்? அதைவிடப் பெரிய பயம், எல்லாம் சரியாக வந்து சில்லு மட்டும் வராவிட்டால்? உயிரோடு இருந்தால் நீ மேசையில் அடித்து வாதாடுவாய். இப்போது உன் வாயில்லாத நேரத்தில் உன்னைத் தோற்கடிக்கப்போவது என் விரல். அந்தப் பெட்டி என் மேசை லாச்சிக்குள் இருந்த நாளெல்லாம் எனக்கு நித்திரை சரியில்லை.

ஒரு நாள் பகல், சாப்பாட்டு நேரத்தில், ஆள் குறைந்திருந்தபோது எழும்பிப் போனேன். இயந்திரம் பார்க்கும் சிலாபத்துச் சிங்கள நானா மட்டும் இருந்தார், உனக்குத் தெரியும் அவரை, உன் சாப்பாட்டுப் பார்சலில் மீன் பொரியல் திருடுபவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை நகர்த்தித் தந்தார். பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். அங்கே குவியத்தைச் சரிசெய்தேன். சரிசெய்யச் சரிசெய்ய அந்த இடம் மங்கிக்கொண்டே போனது. கற்றையை மூடினேன். நல்ல ஜன்னலுக்கு இருட்டில் நகர்ந்தேன். வலை ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தேன். வலை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. எழும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. பின்னால் யாரும் நிற்கவில்லை. நானே சத்தமாகச் சொன்னேன், “பிஸ்மில்லாஹ் சொல்லி அமத்து புள்ள, காலங்கடத்தாத.”

அமத்தினேன்.

திரையில் முதலில் வெறும் சாம்பல். பிறகு சில்லுகள். ஒரு சில்லு இல்லை, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஆறு ஆரக்கால், ஓரத்தில் கொஞ்சம் சரிந்து, ஆனால் சில்லு. நான் அழுதேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நானா நாற்காலியிலிருந்து எழும்பி, “தவ எகக் கமு நங்கி” என்றார். இன்னொன்று எடுப்போம் என்கிறார் அவர். அதே இடத்தை மறுபடி திறந்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். சில்லுகள் நெளியும், கரையும். நான் தலையாட்டி மறுத்து, கற்றையை நிறுத்தி, வலையை வெளியே எடுத்துவிட்டேன்.

கட்டுரை உன் பெயரோடு வெளிவந்தது. படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு உன் உம்மாவிடம் போனேன். அந்த வாசலை மிதிக்க எனக்கிருந்த பயம் பொத்தானை அமத்தியபோது இருந்ததைவிடக் குறைவில்லை. மாமி படத்தைக் கையில் வாங்கினார், பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். என் முக்காட்டை, என் கையை, மறுபடி என் முகத்தை. எனக்கு விளங்கியது. பக்கத்து இடம் நான். அசையாமல் இருந்து கொடுத்தேன். பிறகு குனிந்து படத்தை ஒரு தடவை பார்த்தார்.

“இது அவ செஞ்சதா, தானா வந்ததா?”

“சேத்து வச்சது அவ மாமி. அடுக்கானது தானா.”

மாமி படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். அதன் முதுகை மெல்லத் தடவினார்.

“அப்ப அவ இல்லாட்டியும் அது அப்படியே இரிக்கும்” என்றார். “போதும் மகள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. இன்று கிணற்றடியில் ஊரே பார்த்தது. நுளம்பு கடித்தால் பயம், தொலைபேசி அடித்தால் பயம், ஆய்வுகூடத்தில் பொத்தானுக்கு முன் விரல் விறைக்கும். பயத்தோடேயே அமத்தலாம் என்பது மட்டும் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அந்த முறையையும் நான் விடவில்லை. பார்க்க ஏலாததைப் பார்க்குமுன் பக்கத்து இடத்துக்குப் போய்க் கண்ணைச் சரிசெய்துகொள்வேன். இந்த மடலிலும் அதைத்தான் செய்திருக்கிறேன் என்று உனக்கு இந்நேரம் பிடிபட்டிருக்கும். கிணற்றைச் சொன்னேன், ஒஸ்மியத்தைச் சொன்னேன், சாடியையும் சில்லையும் சொன்னேன். இப்போதுதான் கண் பழகியிருக்கிறது.

அந்த முன்னறை. குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கபனிட்டு முடிந்திருந்தது. “முகம் பாக்கிறவங்க வாங்க” என்று ஒரு பெண் கூப்பிட்டார். முதலில் பாயின் ஓரத்தைப் பார்த்தேன். சாம்பிராணிச் சட்டியைப் பார்த்தேன். உன் உம்மாவின் கையைப் பார்த்தேன். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி உன் பக்கம் திரும்பினேன். உன் வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியிருந்தது, என்னை நக்கலடிக்கத் தொடங்குவாயே, அந்தக் கோணல். ஒரு தடவைதான் பார்த்தேன். இன்னும் கலையவில்லை.